பாலருவிக்கு வழி சொல்லும், கேட் மூடியதைச் சொல்லாது: எல்லைப் பாதையில் மூன்று மேப் ஆப்கள்

தென்காசி, செங்கோட்டை, புளியரை. மலையேறி ஆரியங்காவு, தென்மலை, புனலூர். கொல்லத்தில் கடலைத் தொட்டு வர்க்கலை, திருவனந்தபுரம், பூவாறு. அப்புறம் குளச்சல், முட்டம், கன்னியாகுமரி. ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலி வந்து மறுபடி தென்காசி. முழுதாகச் சுற்றினால் சுமார் 400 கிலோமீட்டர். மூன்று நாள் ஒதுக்கினால் நிதானமாகப் போகலாம், இரண்டு நாளில் அடித்துப்பிடித்து முடிக்கலாம். காடு, சிற்றூர், கடற்கரை மூன்றும் உண்டு. மாநில எல்லையை இரண்டு இடத்தில் தாண்ட வேண்டும். மேப் ஆப்பின் யோக்கியதையைப் பார்க்க இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல பாதை இல்லை. கூகுள் மேப்ஸ், ஆர்கானிக் மேப்ஸ், மேப்பல்ஸ் மூன்றும் இந்தச் சுற்றுக்கு எந்த அளவுக்கு உதவும் என்பதுதான் இந்த விமர்சனம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே ஆப்தான் வைத்துக்கொள்வேன் என்றால் கூகுள். ஆனால் அதை மட்டும் நம்பி ஆரியங்காவு மலை ஏறாதீர்கள். மூன்றுமே தூரம் சொல்லும், திருப்பம் சொல்லும். வனத்துறை கேட் எத்தனை மணிக்கு மூடும், கார் எதுவரை போகும், இருட்டிய பிறகு எந்த ரோட்டில் போகக்கூடாது என்பதை மூன்றுமே உருப்படியாகச் சொல்லாது. காட்டுப் பக்கம் பயணம் கெடுவதெல்லாம் இந்த மூன்றில்தான்.

கூகுளில் இருந்து ஆரம்பிப்போம். புறப்படும் இடம் போக ஒன்பது இடங்கள் வரைதான் ஒரு வழியில் சேர்க்க விடும். இந்தச் சுற்றுக்கு அது போதாது, போதவும் வேண்டாம். மொத்தத்தையும் ஒரே வழியாகப் போட்டால் மொத்த நேரம் ஒன்று வரும். அதை வைத்து மத்தியானச் சாப்பாடு எங்கே என்றுகூடத் தீர்மானிக்க முடியாது. தென்காசி–தென்மலை, தென்மலை–கொல்லம், கொல்லம்–திருவனந்தபுரம் என்று துண்டு துண்டாகப் போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் புறப்படும் நேரத்தைக் கொடுத்துப் பாருங்கள். திங்கட்கிழமை காலை 9 மணிக்கு, கொல்லம்–திருவனந்தபுரம் வழியில் இருக்கும் ஆற்றிங்கலைத் தாண்ட எடுக்கும் நேரமும் ஞாயிறு காலை 7 மணிக்கு எடுக்கும் நேரமும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைக் காட்டுவதில் கூகுளை அடிக்க ஆள் இல்லை.

அடுத்தது பெயர்க் குழப்பம். இது ஆப்பின் குற்றம் பாதி, நம்முடைய அவசரம் பாதி. தென்மலை என்று அடித்தால் சிவகிரிப் பக்கத்துத் தென்மலையும் வரும். அது தென்காசி மாவட்டத்திலேயே, மலைக்கு இந்தப் புறம் இருக்கும் ஊர். பரவூர் என்றால் கொல்லத்துக்குத் தெற்கே ஒன்று, எர்ணாகுளம் மாவட்டத்தில் வடக்குப் பரவூர் இன்னொன்று. பாபநாசத்தைக் கேட்கவே வேண்டாம்: வர்க்கலைக் கடற்கரை, அம்பாசமுத்திரத்துக்கு மேலே இருக்கும் ஊர், தஞ்சாவூர் மாவட்டத்து ஊர் என்று மூன்று. பட்டியலில் முதலில் வருவதைத் தட்டாமல், மாவட்டப் பெயரைப் பார்த்துத் தட்டுங்கள். தென்மலைக்கு 'தென்மலை டேம்' என்றே போடலாம், ஆனால் அதிலும் ஒரு சிக்கல். அங்கே அணை, படகுத் துறை, மான் பூங்கா, சாகசப் பகுதி எல்லாம் ஒரே வளாகம் இல்லை. குளத்துப்புழை போகும் ரோட்டில் தள்ளித் தள்ளி இருக்கின்றன. எது வேண்டுமோ அதன் பின்னை (மேப்பில் இடத்தைக் காட்டும் குறி) தனியாகப் போட வேண்டும்.

'பார்டர்' விஷயமும் உண்டு. தென்காசிக்காரர்களிடம் வழி கேட்டு "பார்டர் தாண்டி" என்று பதில் வந்தால், அது பெரும்பாலும் செங்கோட்டைக்கு முன்னால் இருக்கும் பிரானூர் பார்டர், பரோட்டாவும் கோழியும் போடும் கடைகள் இருக்கும் இடம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. எல்லை மேலே கோட்டைவாசலுக்குப் போய்விட்டாலும் பேச்சில் பார்டர் கீழேயே நிற்கிறது. மேப்பில் மாநிலக் கோடு கோட்டைவாசலில்தான் இருக்கும். பெட்ரோல் போடும் கணக்குக்கு இது முக்கியம். கேரளத்தில் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல் என்பதால், செங்கோட்டையிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறுவதுதான் லாபம். திரும்பி வரும்போது களியக்காவிளை தாண்டிய பிறகு போட்டுக்கொள்ளலாம்.

புளியரையிலிருந்து எஸ் வளைவு வழியாகக் கோட்டைவாசல் ஏறும் துண்டு, கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744-இன் பகுதி. மேப்பில் நீலக் கோடு நெளிந்து நெளிந்து போகும், தூரம் கொஞ்சம்தான். இங்கே கூகுள் சொல்லும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. காரணம் லாரிகள். ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிய கனரக வண்டிகள் முதல் கியரில் ஊர்ந்து ஏறும். ஒன்று நின்றால் பின்னால் எல்லாம் நிற்கும். முந்துவதற்கு நேர்ப்பாதை கிடையாது. கேரளத்தில் பள்ளி விடும் நேரம், சேரும் நேரத்தில் டிப்பர் ஓட்டத் தடை உண்டு. அந்த நேரம் முடிந்ததும் காத்திருந்தவை எல்லாம் வரிசையாகக் கிளம்பும். நெரிசல் நிறம் மேப்பில் வருவது அங்கே ஓடும் செல்போன்கள் அனுப்பும் தகவலால்தான். மலையில் சிக்னல் விட்டு விட்டு வருவதால், நீங்கள் கீழே புளியரையில் பார்க்கும் பச்சை மேலே உண்மையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. செங்கோட்டையிலிருந்து புனலூர் சுமார் 50 கிலோமீட்டர். கூகுள் காட்டும் நேரத்தோடு அதில் பாதியைக் கூட்டி வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். விடிகாலை 6 மணிக்குப் புளியரை தாண்டுகிறவர்களுக்கு இந்தக் கூட்டல் வேண்டாம். இறக்கத்தில் ஏற்றத்துக்குப் போட்ட அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கிலேயே காலை வைத்து இறக்கினால் ஆரியங்காவு வருவதற்குள் கருகின வாடை வரும்.

இப்போது பாலருவி, ஆரியங்காவு அருகே காட்டுக்குள் இருக்கும் அருவி. மூன்று ஆப்பும் ஒன்றுபோல் சறுக்கும் இடம் இது. பின் அருவியில் குத்தியிருக்கும், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே நான்கைந்து கிலோமீட்டர் கார் வழி காட்டும், பத்துப் பதினைந்து நிமிடம் என்று நேரமும் போடும். ஆனால் உங்கள் வண்டி ரோட்டோரக் கேட்டிலேயே நிற்க வேண்டும். சீட்டு எடுத்து, வனத்துறை பஸ்ஸில் உட்கார்ந்து, பஸ் நிறையும் வரை காத்திருந்து, இறங்கிக் கொஞ்சம் நடந்து, குளித்து, அதே பஸ்ஸுக்கு வரிசையில் நின்று திரும்ப வேண்டும். குறைந்தது இரண்டு மணி நேரம் போய்விடும். சாயங்காலம் 4 மணியோடு உள்ளே விடுவது நின்றுவிடும். மழையில் தண்ணீர் வேகம் கூடினால் குளிக்க விடமாட்டார்கள், கோடையில் வற்றினாலும் மூடுவார்கள். குற்றாலத்தில் மத்தியானம் வரை குளித்துவிட்டு, சாப்பிட்டு, 'போற வழியில பாலருவி' என்று திட்டம் போடுகிறவர்கள் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவது இதனால்தான். காலையில் முதல் வேலையாக வைத்தால் மட்டுமே பாலருவி நடக்கும்.

அதைத் தாண்டியதும் கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம், ரோட்டை ஒட்டியே. 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய கொல்லம்–செங்கோட்டைப் பாதையின் பாலம் அது. மேப் அங்கே 'வந்து சேர்ந்தீர்கள்' என்று சொல்லும், வண்டி நிறுத்தத்தான் இடம் கிடையாது. வளைவைத் தாண்டி அகலமான ஓரம் பார்த்து நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். லாரி வரும் ரோடு, செல்ஃபிக்காக நடுவில் நிற்கிற இடமில்லை.

ஆர்கானிக் மேப்ஸ் தன் காசை வசூலிப்பது (இலவசம்தான், விளம்பரமும் இல்லை) இந்த மலைத் துண்டில்தான். ஓபன் ஸ்ட்ரீட் மேப் தரவை முழுவதும் போனிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. தமிழ்நாடு, கேரளா இரண்டையும் தனித்தனியாக இறக்க வேண்டும். ஒன்றை மட்டும் இறக்கிவிட்டு வந்தால் கோட்டைவாசலில் ரோடு அந்தரத்தில் நின்றுவிடும். கூகுளிலும் ஆஃப்லைன் மேப் உண்டு, கட்டம் வரைந்து இறக்கலாம். ஆனால் சிக்னல் இல்லாதபோது கார் வழி மட்டும்தான் தரும். மாற்று வழி வராது, நெரிசல் வராது, நடைவழி வராது. ஆர்கானிக் மேப்ஸில் காட்டுப் பாதை, மண் ரோடு, ஓடை, சிறு பாலம் வரை தனித்தனிக் கோடாகத் தெரியும். எது தார், எது மண் என்று கோட்டின் வகையைப் பார்த்தே பிரித்துவிடலாம். கார் வழியில் ஏற்ற இறக்கம் காட்டாது. சைக்கிள் வழி என்று மாற்றிப் பாருங்கள், உயர வரைபடம் வந்துவிடும். மலைப் பாதை எவ்வளவு செங்குத்து என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள இது நல்ல குறுக்கு வழி.

குறை இல்லாமல் இல்லை. தேடுதல் மோசம். கடைப் பெயர், ஓட்டல் பெயர் போட்டால் பாதிக்கு மேல் கிடைக்காது. நேரக் கணக்கு ரோட்டின் வகையை வைத்துப் போடுவது என்பதால், நெடுஞ்சாலை என்று குறித்திருந்தால் எஸ் வளைவிலும் வேகமாகப் போவீர்கள் என்று நினைத்துக்கொள்ளும். அதன் நேரத்தைப் பார்க்கவே வேண்டாம்.

எந்த ஆப் வைத்திருந்தாலும் ஒரு எச்சரிக்கை. செங்கோட்டையிலிருந்து புனலூர்ப் பக்கம் போக மேக்கரை, அச்சன்கோவில், அலிமுக்கு வழியும் மேப்பில் தெரியும். நெடுஞ்சாலையில் நெரிசல் காட்டும்போது 'இந்தப் பக்கம் போனால் என்ன' என்று தோன்றும். முழுக்கக் காட்டு ரோடு, குறுகலானது, யானை நடமாட்டம் உள்ளது, நெடுந்தூரத்துக்குக் கடையும் இல்லை, சிக்னலும் இல்லை. அச்சன்கோவில் கோயிலுக்குப் பகலில் போகிறவர்களுக்கு அருமையான பாதை. இருட்டியபின் நெரிசலுக்குப் பயந்து எடுக்கிற வழி அது அல்ல. வனத்துறைச் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பினால் வந்த வழியே வர வேண்டும். ஆரியங்காவிலிருந்து பிரியும் ரோஸ்மலையும் இதே ரகம். 12 கிலோமீட்டர் என்று மேப் சொல்வது உண்மை, ஆனால் செந்துருணி சரணாலயத்துக்குள் போகும் 12 கிலோமீட்டர். தரை உயரம் குறைந்த காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

கடற்கரைக்கு வந்தால் கணக்கு தலைகீழ். இங்கே கூகுள்தான் ராஜா. புனலூரில் 1877-இல் கட்டிய தொங்குபாலத்தைப் பார்த்துவிட்டு (நடந்து மட்டும்தான் போகலாம், வண்டிகளுக்குப் பக்கத்திலேயே கான்கிரீட் பாலம்) கொல்லம் வந்தால், அங்கிருந்து தெற்கே தேசிய நெடுஞ்சாலை 66. ஆறு வழியாக்கும் வேலையால் சர்வீஸ் ரோடு இன்று இந்தப் பக்கம், நாளை அந்தப் பக்கம். இந்த மாற்றங்களைக் கூகுள் பெரும்பாலும் பிடித்துவிடும், ஆர்கானிக் மேப்ஸ் பின்தங்கும். நெடுஞ்சாலையை விட்டுவிட்டுப் பரவூர், காப்பில், இடவா வழியாகக் கரையோடு வர்க்கலை போவது நல்லது. ஒரு பக்கம் காயல், ஒரு பக்கம் கடல் என்று காப்பிலில் வரும் அந்தத் துண்டுக்காகவே போகலாம். கூகுள் தானாக இதைத் தராது. 'நெடுஞ்சாலை தவிர்' போட்டாலும் சில நேரம் உள் சந்துகளில் சுற்றவிடும். காப்பில் கடற்கரையை இடையில் ஒரு நிறுத்தமாகச் சேர்த்தால் ஒழுங்காக வரும். ரயில்வே கேட்டுகளுக்கு என்று பத்திருபது நிமிடம் ஒதுக்கி வையுங்கள்.

வர்க்கலையில் பின்னை நம்பிப் போனால் சந்தில் மாட்டுவீர்கள். வடக்குக் குன்றின் ஓட்டல்கள் பலவற்றின் பின், குன்று விளிம்பில் நடந்து போகும் பாதையில் குத்தியிருக்கும். காருக்கு ஹெலிபேட் நிறுத்துமிடத்தைப் போடுங்கள், அல்லது தங்கும் இடத்துக்குப் போன் செய்து பின்பக்க வழியைக் கேளுங்கள். பைக்கில் போகிறவர்கள் கூகுளின் டூ வீலர் வழியைப் போடலாம். 2017 கடைசியில் இந்தியாவுக்கென்று வந்த வசதி, ஊருக்குள் நன்றாக உதவும். அந்த வழியை வைத்துக்கொண்டு கார் ஓட்டாதீர்கள். முந்தைய நாள் பைக்குக்கு மாற்றியது மறுநாளும் அப்படியே நிற்கும், கவனியுங்கள்.

வர்க்கலையிலிருந்து அஞ்சுதெங்கு, முதலப்பொழி பாலம், பெருமாதுறை வழி கழக்கூட்டம் போவதா, ஆற்றிங்கல் வழி நெடுஞ்சாலையில் போவதா என்று கேட்டால், பகலில் கடலோரம், இருட்டினால் நெடுஞ்சாலை. மீனவர் குடியிருப்புகள் நெருக்கமான ரோடு, குழந்தைகள் குறுக்கே ஓடும், வலை காயும். 40-க்கு மேல் ஓட்ட முடியாது, ஓட்டவும் கூடாது.

பூவாறில் இரண்டு விஷயம். காயலுக்கு அந்தப் புறம் இருக்கும் விடுதிகளுக்குப் படகில்தான் போக முடியும். பின் விடுதியில் இருக்கும், வண்டி நிற்பது இக்கரைப் படகுத் துறையில். இரண்டாவது, கரையோடு அப்படியே தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிடலாம் என்று மேப்பைப் பார்த்தால் தோன்றும். நீரோடி, இரயுமன்துறை, தேங்காய்ப்பட்டணம் என்று ஊர்கள் கோர்த்ததுபோல் இருக்கும். நடுவில் ஆற்று முகத்துவாரம், கடல் அரித்த ரோடு. ஆனி, ஆடி மாதக் கடல் சீற்றத்தில் நேற்று இருந்த ரோடு இன்று மணல் மேடாக இருக்கும். ஆப்பில் அது வருவதற்குள் ரோட்டையே திருப்பிப் போட்டிருப்பார்கள். களியக்காவிளை வழியாக வந்து, குளச்சலில் மறுபடி கடற்கரைக்கு இறங்குங்கள். குளச்சல், மண்டைக்காடு, முட்டம், மணக்குடி வழியாகக் கன்னியாகுமரி. 2004 சுனாமியில் உடைந்த மணக்குடிப் பாலம் திரும்பக் கட்டியாகிவிட்டது, தாராளமாகப் போகலாம்.

மேப்பல்ஸ் இந்தத் துண்டில்தான் கொஞ்சம் உயிர் பெறுகிறது. மேப்மைஇந்தியாவின் ஆப். வேகத்தடை, பள்ளம் முன்கூட்டிச் சொல்லும், டோல் எவ்வளவு என்று கூட்டிக் காட்டும், மேம்பாலம் பிரியும் இடத்தில் படம் போட்டுக் காட்டும். மார்த்தாண்டம், நாகர்கோவில் பார்வதிபுரம் மேம்பாலங்களில் மேலே ஏறுவதா கீழே போவதா என்ற குழப்பத்துக்கு அந்தப் படம் பதில். திருவனந்தபுரம் பைபாஸில் திருவல்லம் டோலும், நெல்லை போகும் வழியில் நாங்குநேரி டோலும் கணக்கில் வரும், ஃபாஸ்டாகில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் 2023 ஜூனிலிருந்து ஏஐ கேமராக்கள் அபராதம் போடுகின்றன. முன் சீட்டில் பக்கத்தில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும், பைக்கில் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட். இதற்கு ஆப்பை நம்புவதைவிட பெல்ட்டைப் போடுவது சுலபம். கடை, உணவகம் தேடுவதில் மேப்பல்ஸ் கூகுளுக்கு வெகு தூரம் பின்னால்.

'திறந்திருக்கிறது' என்று ஆப் காட்டும் பச்சை எழுத்தை இந்தப் பக்கம் சந்தேகத்தோடு பாருங்கள். கேரளக் கோயில்கள் முற்பகலில் நடை சாத்தினால் மறுபடி திறக்கச் சாயங்காலம் 5 மணி ஆகும். தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திங்கள் விடுமுறை, மத்தியானம் இடைவேளை உண்டு. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கூட்டத்தால் ஆரியங்காவு ரோடு நிறைந்து வழியும். ஹர்த்தால் (முழு அடைப்பு) அறிவித்தால் காலை 6 முதல் மாலை 6 வரை கடை இருக்காது. இவற்றில் எதற்கும் ஆப்பில் மணி அடிக்காது, மலையாளச் செய்தியை ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

ஐந்துக்கு மதிப்பெண்: கூகுள் 4, ஆர்கானிக் மேப்ஸ் மூன்றரை, மேப்பல்ஸ் 3. மூன்றையும் சேர்த்து ஓட்டும் முறை இது. கணினியில், நமக்கென்று சொந்த மேப் போட்டுக்கொள்ளும் கூகுள் மை மேப்ஸைத் திறந்து, நாளுக்கு ஒரு லேயர் போட்டு (பத்து லேயர் வரை விடும்) நிறுத்த வேண்டிய இடங்களைக் குறியுங்கள். ஒவ்வொரு பின்னின் குறிப்பிலும் மூன்றே வரி: கேட் மூடும் நேரம், வண்டி எங்கே நிற்கும், உள்ளே ஆகும் நேரம். பாலருவிக்கு 'கடைசி 4 மணி, ரோட்டுக் கேட், 2 மணி நேரம்' என்று எழுதினால் போதும். முடித்ததும் கே.எம்.எல். கோப்பாக ஏற்றுமதி செய்து, போனுக்கு அனுப்பி, ஆர்கானிக் மேப்ஸில் திறந்தால் எல்லாப் பின்னும் குறிப்போடு வந்துவிடும், சிக்னல் இல்லாத இடத்திலும் தெரியும். மை மேப்ஸ் தானாக வழி ஓட்டாது. ஓட்டும்போது மலையில் ஆர்கானிக், சமவெளியில் கூகுள், நாகர்கோவில் நெருங்கினால் மேப்பல்ஸ் என்று மாற்றிக்கொள்ளுங்கள். கிளம்பும் முந்தைய இரவு வைஃபையில் இரண்டு வேலை: கூகுள் ஆஃப்லைன் கட்டத்தின் காலாவதித் தேதியைப் பார்ப்பது, ஆர்கானிக் மேப்ஸில் கேரளக் கோப்புக்குப் புதுப்பிப்பு வந்திருந்தால் இறக்குவது. புளியரை போன பிறகு இரண்டும் நடக்காது.